எங்கள் எல்லோருக்கும் ஒரே அப்பா

இந்தக் காபிக் கடைக்குள் நுழைந்தாலே வெண்ணெய் உருகும் வாசனை. கண்ணாடிப் பெட்டிக்குள் க்ரோசான்களை அடுக்கியிருக்கிறார்கள். சுவரில் ஒரு வெள்ளைக்காரர் சைக்கிளில் போகும் கறுப்பு வெள்ளைப் படம். அவர் யாரென்று கடைக்காரருக்கே தெரியாது, கேட்டுப் பார்த்துவிட்டேன். ஓரத்து மேசையில் மடிக்கணினியை விரித்து ஒரு வேலைக்கு விண்ணப்பித்துக்கொண்டிருந்தேன். வேலை தேடித் தரும் இணையதளம் என் படிப்பு, வயது, பார்த்த வேலைகள் எல்லாவற்றையும் விழுங்கி ஏப்பம் விட்டபின் மஞ்சள் கட்டத்துக்குள் ஒரு செய்தி காட்டியது. இந்த நிறுவனம் எதிர்பார்க்கும் திறன்களில் பல உங்களிடம் இல்லையாம்.

அடப்பாவி என்று நிமிர்ந்தேன். நிமிர்ந்த கண்ணில் ஜன்னல் பட்டது. உயரமான மரக்கதவு, சாய்த்து வைத்த பலகைகள், அதில் ஒரு பலகை மட்டும் வேறு மரம். உடைந்த இடத்தில் யாரோ பலாமரத்தில் வெட்டிச் செருகியிருந்தார்கள், அதன் மேல் எத்தனை பெயிண்ட் அடித்தாலும் மஞ்சள் தெரிந்துவிடும். அந்தப் பலகையை எனக்குத் தெரியும். வருடக்கணக்கில் அதைத்தான் பார்த்துக்கொண்டு பேசினேன். இப்போது காபி மெஷின் புஸ்ஸென்று ஆவி விடுகிற இடத்தில்தான் என் நாற்காலி இருந்தது.

அப்போது இங்கே வெண்ணெய் வாசனை ஏது? ஏசி ஒழுகி நனைந்த தரைவிரிப்பின் நாற்றம், மூடி திறந்த டிபன் பாக்ஸிலிருந்து எலுமிச்சை சாதம், யார் தலையிலோ வாடிக்கொண்டிருக்கும் மல்லிகை. மூன்றும் சேர்ந்த ஒரு வாசனையை இன்றைக்கும் தந்தால் கண்ணை மூடிக்கொண்டு 'போன்ஜூர்' சொல்லிவிடுவேன். இந்த வீட்டின் கீழ்த்தளத்தில்தான் நாங்கள் பிரான்சுக்காரர்களின் புகார்களைக் கேட்டுக்கொண்டிருந்தோம். அங்கே ஒருவர் வாங்கிய மேசை விளக்கு வந்து சேரவில்லை என்றால், அவருடைய கோபம் கடல்களைத் தாண்டிக் கருவடிக்குப்பத்துப் பெண் ஒருத்தியின் காதில் வந்து விழும். அந்தப் பெண் நான்.

எனக்கு எப்படிப் பிரெஞ்சு வந்தது என்று கேட்காதீர்கள். வரவில்லை என்பதுதான் கதையே.

அப்பா மில்லில் வேலை பார்த்தவர். நூல் நூற்கிற ரிங் பிரேம் பகுதி. நான் கைப்பிள்ளையாக இருந்தபோதே மில்லை மூடிவிட்டார்கள். பூட்டிய கேட்டுக்கு வெளியே கொடி பிடித்து நின்றவர்களில் அவரும் ஒருவர். அதன்பிறகு கிடைத்த வேலையெல்லாம் செய்துவிட்டு, கடைசியில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் வாசலில் காவலுக்குச் சேர்ந்தார். மூடிய கேட்டுக்கு வெளியே நின்ற மனிதருக்குத் திறந்து மூடும் கேட்டிலேயே வேலை கிடைத்தது. அம்மா ஒரு பள்ளிக்கூடத்தில் ஆயா, அதாவது பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிற, வகுப்பறை பெருக்குகிற ஆயா. இவர்கள் இருவரும் சேர்ந்து என்னை இங்கிலீஷ் மீடியத்தில் போட்டார்கள். அங்கே இரண்டாம் மொழியாகத் தமிழோ பிரெஞ்சோ எடுக்கலாம். அப்பாவோடு வேலை பார்க்கும் யாரோ சொல்லியிருக்கிறார்கள், பிரெஞ்சு எடுத்தால் மார்க் கொட்டும் என்று.

கொட்டத்தான் செய்தது. எங்கள் ஊர்க்காரர்களுக்கு இது புதிதில்லை. புதுச்சேரியில் பிரெஞ்சு படிக்கிற பிள்ளைகளில் பாதிப் பேர் அந்த மொழியில் ஒருவரிடம் நேரம் கூடக் கேட்டதில்லை. நீல அட்டை போட்ட கைடு ஒன்று உண்டு. கேள்வியும் அதிலிருந்துதான் வரும், பதிலும் அதிலேயே இருக்கும். நாமம் போட்ட மாதிரி மேலே கோடும் கீழே கொக்கியுமாய் எழுத்துகளை வரைந்துவிட்டு வந்தால் முடிந்தது. அதில் 'என் குடும்பம்' என்று ஒரு மாதிரிக் கட்டுரை. என் அப்பா ஓர் இன்ஜினியர். என் அம்மா ஓர் ஆசிரியை. எங்கள் வீட்டைச் சுற்றித் தோட்டம், தோட்டத்தில் ரோஜாக்கள். எங்களிடம் ஒரு சின்ன வெள்ளை நாய் உள்ளது. இதை எந்தத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். பிளஸ் டூவில் பிரெஞ்சில் பள்ளியிலேயே முதலாவதாக வந்தேன். அப்பா தெருவுக்கே சாக்லேட் கொடுத்தார். பொறியியல் கட்-ஆஃபில் மொழிப்பாட மார்க்கைச் சேர்க்கவே மாட்டார்கள் என்பது சாக்லேட் எல்லாம் தீர்ந்த பிறகுதான் எங்களுக்குத் தெரிந்தது.

ஆனாலும் இன்ஜினியரிங் சேர்ந்தேன். வேறென்ன செய்வது, தெருவில் எல்லோரும் சேர்ந்தார்கள். கடைசி வருடத்தில் வேலைக்குத் தயார்படுத்துகிறோம் என்று ஒரு பயிற்சி நடத்தினார்கள். கழுத்தில் டை கட்டச் சொல்லிக் கொடுத்தார்கள். பெண்களுக்கு டை இல்லை, புன்னகை. உங்கள் பலவீனம் என்ன என்று கேட்டால், அதிகமாக உழைத்துவிடுவதுதான் என் பலவீனம் என்று சொல்ல வேண்டுமாம். ஒரு ஹால் நிறையப் பிள்ளைகள் ஒரே குரலில் தங்கள் பலவீனம் அதிக உழைப்பு என்று சொன்னதைக் கேட்டிருக்கிறீர்களா? பஜனை மாதிரி இருக்கும். அந்த பஜனையில் நானும் சுதி பிசகாமல் பாடினேன். வேலை மட்டும் வரவில்லை.

வீட்டில் அப்பா அரசாங்கத் தேர்வுக்குப் படிக்கச் சொன்னார். எங்கள் தெருவில் கோச்சிங் சென்டரில் சேர்ந்தவர்கள் வெளியே வந்து நான் பார்த்ததில்லை. நான் ஆறாம் வகுப்புப் படித்தபோது சேர்ந்த அண்ணன்கள், நான் டிகிரி முடித்தபோதும் அதே பையோடு, முன்தலையில் மட்டும் கொஞ்சம் வெளிச்சம் கூடி, அதே சென்டருக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். மாட்டேன் என்றேன். அந்த நேரத்தில்தான் இந்த பிரெஞ்சு வேலைக்கு ஆள் எடுப்பதாகக் கேள்விப்பட்டேன். பிளஸ் டூவில் பிரெஞ்சு படித்திருந்தால் போதும், பயிற்சி தருவோம், பயிற்சியின் முடிவில் பிரான்சிலிருந்து ஒரு மதாம் போனில் பேசிப் பார்ப்பார், அவர் சரி என்றால் வேலை.

அப்பா அன்றைக்குச் சோற்றில் கை வைத்தபடியே சொன்னார்.

"தனியார் வேலன்னா எவனோ ஒருத்தன் நாளைக்கு கேட்ட இழுத்து மூடிட்டுப் போற வேல பாப்பா. நான் அத பார்த்துட்டேன். கவர்மெண்டு கேட்டு மூடாது. உனக்குப் புடிச்சிருக்குதா, போ. அந்தம்மா எடுத்துக்கலன்னா மறுநாளே கோச்சிங்ல சேர்ற."

சரி என்றேன். ஒரே ஒரு போன் பேச்சு. அந்தப் பக்கம் போனால் என் இஷ்டப்படி ஒரு வேலை, இந்தப் பக்கம் விழுந்தால் முன்தலையில் வெளிச்சம்.

பயிற்சியின் முதல் நாள் இதே அறையில் வட்டமாக உட்கார்ந்தோம். பயிற்சி தர வந்தவர் சென்னைக்காரர், முரளி சார். இஸ்திரி மடிப்பு கலையாத சட்டை, பேச்சுக்குப் பேச்சு 'கிளையண்ட்'. ஒவ்வொருவராக எழுந்து பிரெஞ்சில் தங்களைப் பற்றியும் குடும்பத்தைப் பற்றியும் சொல்லச் சொன்னார். முதலில் ஒரு பெண் எழுந்தாள். லாஸ்பேட்டையிலிருந்து வந்தவள். மோன் பேர் எ அன்ஜெனியேர். என் அப்பா இன்ஜினியர். அம்மா ஆசிரியை. ரோஜா. வெள்ளை நாய். நான் இரண்டாவது. எனக்கும் அதேதான் வாயில் இருந்தது, அதேதான் வெளியே வந்தது. மூன்றாவதாக தேவா. குருசுக்குப்பத்துப் பையன், அவன் அப்பா கடலுக்குப் போகிறவர், அவன் சட்டையில் மீன் வாசனை இருக்கிறதா என்று அவனே அடிக்கடி முகர்ந்து பார்த்துக்கொள்வான். அவனுடைய அப்பாவும் இன்ஜினியர். அவர்கள் வீட்டிலும் ரோஜா.

மூலையிலிருந்து ஒரு சிரிப்புச் சத்தம். ஜோஸ்ஃபின். அவள் சொல்தா குடும்பத்துப் பெண். தாத்தா பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து பென்ஷன் வாங்கியவர், வீட்டில் பிரெஞ்சும் தமிழும் ஒரே தட்டில் சோறும் குழம்புமாய்ப் புரளும். இன்றோ நாளையோ பிரான்சுக்கே போகப்போகிறவள், பொழுது போகாமல் இங்கே வந்திருந்தாள்.

"ஏய், இன்னாடி இது, உங்க எல்லாருக்கும் ஒரே அப்பாவா?" என்றாள். "நாயும் ஒண்ணுதானா?"

அறையே சிரித்தது. நானும் சிரித்தேன். சிரித்து முடித்தபோதுதான் உறைத்தது. எத்தனை வருடமாக இந்த இன்ஜினியரைச் சுமந்து திரிகிறேன். பரீட்சைக்குப் பரீட்சை அவருக்கு மார்க் வாங்கிக் கொடுத்திருக்கிறேன். என் அப்பாவைப் பற்றி அந்த மொழியில் ஒரு வாக்கியம் கூட எனக்குத் தெரியாது.

வீட்டுக்குப் போய்ச் சும்மா இருந்திருக்கலாம். இருப்பேனா? கட்டுரையை ஒப்பித்துக் காட்டினேன். அப்பா ரசித்துத்தான் கேட்டார். அதில் தன்னைப் பற்றி என்ன வருகிறது என்று கேட்டார். சொன்னேன்.

"இன்ஜினியரா? நல்லாத்தான் இருக்குது. அவரு ரிங் பிரேம் ஓட்டுவாரா?"

அம்மா அடுப்படியிலிருந்து தன்னைப் பற்றி என்ன என்று கேட்டாள். டீச்சர் என்றேன். "பள்ளிக்கூடம் வரைக்கும் சரியாத்தான் எழுதியிருக்கான்" என்று சொல்லிவிட்டுத் தாளிக்கப் போய்விட்டாள். இருவருக்கும் கோபமே இல்லை. சொல்லிவிட்டுப் போ, வேலை கிடைத்தால் சரி என்றார் அப்பா. எனக்குத்தான் கோபம். யார் மேல் என்று அப்போது தெரியவில்லை. அந்த கைடை எழுதிய ஆசாமி மேலா, மார்க் போட்ட பள்ளிக்கூடத்து மேலா, இதற்குச் சாக்லேட் கொடுத்த எங்கள் மேலா? இப்போதும் தெரியவில்லை. கோபம் மட்டும் நன்றாக ஞாபகம் இருக்கிறது.

மறுநாள் மதியம் ஜோஸ்ஃபினைப் பிடித்துக்கொண்டேன். சாப்பாட்டு நேரத்தில் நாங்கள் கடற்கரைச் சாலைக்குப் போய்ச் சுவரில் உட்காருவோம். வெயில் பொசுக்கும், காற்று இருக்கும். காவல்காரருக்குப் பிரெஞ்சில் என்ன என்றேன். 'கார்தியேன்' என்றாள். ஒரு வார்த்தை கிடைத்த சந்தோஷத்தில் எழுந்துவிட்டேன். உட்கார் என்று இழுத்தாள்.

"கார்தியேன்னு சொல்லிட்ட. எங்கன்னு கேப்பாங்களே? ஆஸ்பத்திரின்னு சொல்லுவ. முன்ன இன்னா செஞ்சாருன்னு கேப்பாங்க. மில்லுன்னு சொல்லுவ. ஏன் வுட்டாருன்னு கேட்டா? கேள்வின்னா பின்னாடியே இன்னொரு கேள்வி வரும் கோமதி. உங்க கைடுல அது இல்ல."

அதுதான் எனக்குக் கிடைத்த முதல் உருப்படியான வேலைப் பயிற்சி. அதற்குச் சான்றிதழ் யாரும் தரவில்லை.

அடுத்த கேள்வியைத் தேட ஆரம்பித்தபோதுதான் வேடிக்கை. பிரெஞ்சை விடுங்கள், பல கேள்விகளுக்குத் தமிழிலேயே என்னிடம் பதில் இல்லை. ரிங் பிரேமில் என்ன செய்வார்கள்? நூல் அறுந்தால் என்ன ஆகும்? ஆஸ்பத்திரி வாசலில் அப்பா ஏன் உட்காருவதே இல்லை? நாற்காலி போட்டிருப்பதை நானே பார்த்திருக்கிறேன். ஒவ்வொன்றாக வீட்டில் கேட்டேன். திடீரென்று மகள் இப்படித் துருவுகிறாளே என்று அப்பாவுக்கு முதலில் சந்தேகம். அப்புறம் அவருக்கே ருசி தட்டிவிட்டது, நான் கேட்காததையும் சொன்னார். நாற்காலிக் கேள்விக்கு இப்படிச் சொன்னார்.

"உக்காந்திருந்தா வர்றவங்க நம்மளத் தாண்டிப் போயிடுவாங்க. நோயாளிய தூக்கிக்கினு ஓடி வர்றவனுக்கு எந்தப் பக்கம் போவணும்னு தெரியாது. நின்னுகினு இருக்கிற ஆளப் பார்த்தாத்தான் கேக்கத் தோணும்."

அதை ஜோஸ்ஃபினிடம் போய்ச் சொன்னேன். அவள் பிரெஞ்சில் சொல்லிக் கொடுத்தாள், ஆனால் அவளுக்கே இரண்டு இடத்தில் வார்த்தை இடறியது. யாரும் அந்த மொழியில் அதைச் சொல்லிப் பார்த்ததில்லை போல என்று பெருமையாக இருந்தது. உலகத்தில் எத்தனையோ பேர் நின்று வழி சொல்லியிருப்பார்கள்தான். எனக்கென்னவோ அன்று அப்படித் தோன்றியது, விடுங்கள்.

மதாம் பேசும் நாளுக்கு முன்தினம் முரளி சார் எங்களைக் கூட்டி வைத்துப் பேசினார். அவரைக் குறை சொல்லக் கூடாது, எத்தனை பேர் தேறுகிறார்களோ அதை வைத்துத்தான் அவருக்கு மரியாதை. சொந்தக் கதை எதுவும் வேண்டாம், குடும்பம் என்று கேட்டால் படித்த அந்தக் கட்டுரையையே சொல்லுங்கள், பிழையில்லாமல் வரும் என்றார். என் பயிற்சிக் கூத்து அவர் காதுக்கு எட்டியிருந்தது. என்னை மட்டும் நிறுத்தினார்.

"அப்பா யாருன்னா இன்ஜினியர். அதோட நிறுத்திக்கோ. வாட்ச்மேன், மூடின மில்லு இதெல்லாம் கிளையண்டுக்கு எதுக்கு? கம்ஃபர்டபிளா இருக்காதும்மா."

யாருக்கு இருக்காது என்று கேட்க வாயெடுத்தேன். ஜோஸ்ஃபின் காலை மிதித்தாள்.

ஓரத்தில் கண்ணாடி போட்ட ஒரு சின்ன அறை இருந்தது. இப்போது அங்கே கை கழுவும் தொட்டி இருக்கிறது. ஒவ்வொருவராக உள்ளே போய்ப் பேச வேண்டும். எதிரில் முரளி சார் இன்னொரு ஹெட்செட்டில் கேட்டுக்கொண்டிருப்பார். எனக்கு முன்னால் போனவர்கள் எல்லோரும் கட்டுரையைக் கடகடவென்று சொல்லிவிட்டு, அடுத்த கேள்வியில் தரைதட்டி நின்றார்கள். தேவா வெளியே வந்தபோது சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. உன் இன்ஜினியர் அப்பா என்ன கட்டுகிறார் என்று மதாம் கேட்டிருக்கிறார். பாலம் என்றிருக்கிறான். எந்தப் பாலம்? அவனுக்குத் தெரிந்த பாலம் ஒன்றுதான். அரியாங்குப்பம் பாலத்தை அவன் அப்பா கட்டிவிட்டார்.

நான் போனேன். ஹெட்செட்டில் எனக்கு முன்னே பேசியவர்களின் வியர்வை ஈரம். குரல் வயதான பெண்ணின் குரல், அவசரமில்லாதது, கொஞ்சம் சலித்தும் போயிருந்தது. ஒரே குடும்பத்தைக் காலையிலிருந்து கேட்டுக்கொண்டிருந்தால் யாருக்குத்தான் சலிக்காது? உங்கள் குடும்பத்தைப் பற்றிச் சொல்லுங்கள் என்றார். முரளி சார் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். வாயில் இன்ஜினியர் ரெடியாக நின்றார், இஸ்திரி போட்ட சட்டையோடு. அவரைச் சொன்னால் பிழை வராது. பிழை வந்தால் கோச்சிங் சென்டர்.

"மோன் பேர் எ கார்தியேன்" என்றேன்.

முரளி சாரின் கை மேசைக்கு மேலே எழுந்து, வேண்டாம் என்பதாக ஆடியது. நான் பலாமரப் பலகையைப் பார்க்க ஆரம்பித்தேன்.

அந்தப் பக்கம் நாற்காலி நகரும் சத்தம். பிறகு எங்கே காவல் என்று குரல் கேட்டது. சொன்னேன். அதற்கு முன்? ஒரு பெரிய ஆலையில் நூல் நூற்றார், அதை மூடிவிட்டார்கள். எல்லாமே உடைந்த உடைந்த பிரெஞ்சு. வினைச்சொல் ஒரு பக்கம் போகும், நான் ஒரு பக்கம் போவேன். ஆனால் நிற்கவில்லை. நாள் முழுக்க அவர் நிற்கிறாரா, உட்காருகிறாரா என்று கேட்டார் அந்த அம்மாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, இந்தக் கேள்விக்கு உலகத்திலேயே தயாராக வந்த ஒரே ஆள் நான்தான். நோயாளியைத் தூக்கி வருகிறவர்கள், வழி, நிற்கிற மனிதர், எல்லாம் சொன்னேன். சரி, என்றார் அவர். இப்போது நான் ஒரு வாடிக்கையாளர், என் மேசை விளக்கு உடைந்து வந்திருக்கிறது, எனக்குக் கடுங்கோபம். கத்த ஆரம்பித்தார். சலிப்பெல்லாம் எங்கே போனதோ, நன்றாக, ஆசையாகக் கத்தினார். வாசலில் நிற்கிற அப்பா மாதிரி, அவர் எந்தப் பக்கம் போக வேண்டும் என்று நான் வழி சொன்னேன்.

வெளியே வந்ததும் முரளி சார் கேட்டார், நான் சொன்னதை நீ கேட்கவில்லை அல்லவா என்று.

"கேட்டேன் சார். செய்யல."

மாலையில் முடிவு வந்தது. என்னை எடுத்துக்கொண்டார்கள். ஜோஸ்ஃபினையும்தான், அவளுடைய பிரெஞ்சு பாட்டன் காலத்துப் பிரெஞ்சு என்று ஒரு குறிப்போடு. தேவா மறு வாய்ப்பு கேட்டு வாங்கி, அப்பாவைத் திரும்பக் கடலுக்கு அனுப்பினான். மதாம் அவனிடம் மீனைப் பற்றியே வெகுநேரம் கேட்டாராம். அவனும் தேறினான். முரளி சார் எனக்குக் கை கொடுத்தார், முகத்தைப் பார்க்காமல். வீட்டில் சொன்னதும் அப்பா வேலையைப் பற்றிக் கேட்கவில்லை. "நான் நிக்கிறது பிரான்ஸுல தெரிஞ்சிபோச்சா?" என்றுதான் கேட்டார்.

எல்லாவற்றையும் எதிர்த்து நின்றேன் என்று அளக்கமாட்டேன். வேலையில் எங்களுக்கெல்லாம் பிரெஞ்சுப் பெயர் வைத்தார்கள், எனக்கு 'க்ளேர்'. முணுமுணுத்துவிட்டு ஏற்றுக்கொண்டேன். வீட்டில் சொன்னது தப்பாகிவிட்டது. தண்ணீர் வரும் நேரத்தில் அம்மா "ஏய் க்ளேரு, குடத்த எடுத்தா" என்று கத்துவாள். நாங்கள் மதம் மாறிவிட்டோம் என்று எதிர்வீட்டார் நினைத்தார்கள்.

அந்த வேலையில் நான் கற்றதை எந்தத் தளத்தில் எந்தக் கட்டத்தில் எழுதுவது, நீங்களே சொல்லுங்கள். கத்துகிறவர் விளக்குக்காகக் கத்துகிறாரா, வேறு எதற்காகவோ கத்துகிறாரா என்பது முதல் மூச்சிலேயே தெரிந்துவிடும். லியோன் பக்கத்தில் மழை என்றால் பார்சல் நனையும் முன்பே எனக்குத் தெரியும். ஒருவர் விளக்கைப் பற்றிப் பேச்செடுத்து, விளக்கு வாங்கியது மகளின் கல்யாணத்துக்கு என்று போய், மகள் பேசுவதில்லை என்பதில் வந்து நிற்பார். எங்களுக்கு எழுதிக் கொடுத்த வசனத்தில் அதற்குப் பதில் இருக்காது. கேட்டுக்கொண்டிருப்பேன். பிறகு ஒரு கேள்வி கேட்பேன்.

ஒவ்வொரு அழைப்பும் ஒரே அறிவிப்போடுதான் தொடங்கும். இந்த உரையாடல் பயிற்சிக்காகப் பதிவு செய்யப்படுகிறது. தினமும் கேட்டுக் கேட்டு அது எங்களுக்கு விசிறிச் சத்தம் மாதிரி ஆகிவிட்டது. பயிற்சி எங்களுக்குத்தான் என்று நம்பிக்கொண்டிருந்தோம். சில வருடம் கழித்து ஒரு நாள் எல்லோரையும் நிற்க வைத்து, இனிமேல் அழைப்புகளை மென்பொருளே எடுக்கும், அது நன்றாகப் பயின்றுவிட்டது என்றார்கள். எங்கள் குரல்களைக் கேட்டுத்தான் பயின்றது. உலகத்திலேயே எங்களை இடைமறிக்காமல் முழுதாகக் கேட்ட மாணவன் அதுதான். நிறுவனங்கள் விரும்பும் திறனை அதற்கு நாங்கள் இத்தனை ஒழுங்காகச் சொல்லிக் கொடுத்திருக்கிறோம், எங்களுக்கு மட்டும் அது தெரியாமல் போனது. அறிவித்தவர் முரளி சார்தான். அவருக்கும் அன்றே கடைசி நாள் என்பது பிறகு தெரிந்தது. இஸ்திரி மடிப்பு அப்போதும் கலையவில்லை.

அன்று அப்பா வண்டியோடு தெருமுனையில் நின்றார். நான் போனில் சொல்லியிருந்தேன். கேட்டை இழுத்து மூடிவிட்டுப் போவான் என்று சொன்னேனே என்பார், அதற்கு என்ன பதில் சொல்வது என்று தெரு முழுக்க யோசித்துக்கொண்டே நடந்தேன். ஆஸ்பத்திரி யூனிஃபார்மில் இருந்தார். என் பையை வாங்கி முன்னால் மாட்டினார்.

"ஏறு. அந்த மிஷினு அடுத்த கேள்வி கேக்குமா?"

ஜோஸ்ஃபினின் பாடம் அவர் வரைக்கும் போயிருக்கிறது. கேட்காது என்று நினைக்கிறேன் என்றேன். அப்போ பார்த்துக்கலாம் என்று வண்டியைக் கிளப்பினார்.

இன்றைக்கு வருகிறேன். அதற்கப்புறம் ஹோட்டல் வரவேற்பில் நின்றேன், வெளிநாட்டு நோயாளிகளுக்குப் பேச்சுத் துணையாக ஓர் ஆஸ்பத்திரியில் இருந்தேன், இரண்டு இடத்திலும் கைகொடுத்தது அந்தக் கடற்கரைச் சுவரில் படித்ததுதான். கோச்சிங் சென்டருக்கு இன்றுவரை போகவில்லை, போகப்போவதும் இல்லை. இந்த மஞ்சள் கட்டம் எனக்கு இல்லை என்கிற திறன்களை நேற்றுத்தான் யாரோ கண்டுபிடித்திருப்பார்கள், அடுத்த வருடம் அவர்களே குப்பையில் போடுவார்கள். தேவையானால் படித்துக்கொள்வேன். ஒரு மொழியையே தலைகீழாகப் படித்து, பிறகு நேராகப் படித்தவள் நான்.

பக்கத்தைக் கீழே தள்ளினேன். உங்களைப் பற்றிச் சில வரிகள் எழுதுங்கள் என்று ஒரு காலிக் கட்டம். அருகில் ஒரு பொத்தான், நாங்களே எழுதித் தரட்டுமா என்று கேட்டது. வேடிக்கைக்கு அமுக்கினேன். கண் சிமிட்டுவதற்குள் எழுதிவிட்டது. நான் முடிவுகளை நோக்கிச் செயல்படுபவளாம். ஆர்வமும் அர்ப்பணிப்பும் மிக்கவளாம். குழுவாக இயங்குவதில் வல்லவள், சவால்களை வாய்ப்புகளாகக் காண்பவளாம். படிக்கப் படிக்க எங்கேயோ பார்த்த முகமாக இருந்தது. பிழையே இல்லை. இந்த வேலைக்கு விண்ணப்பிக்கிற அத்தனை பேருக்கும் இதே வரிகளைத்தான் கொடுத்துக்கொண்டிருக்கும். ரோஜாச் செடியும் வெள்ளை நாயும்தான் பாக்கி.

வா இன்ஜினியரே, சுகமா?

முழுதையும் அழித்தேன். என் அப்பா ஆஸ்பத்திரி வாசலில் காவல் பார்த்தவர், என்று ஆரம்பித்தேன். நாற்காலி இருந்தும் உட்காராதவர், ஏனென்றால் வழி தெரியாதவர்கள் நிற்கிற ஆளைத்தான் கேட்பார்கள். நானும் அந்த வேலையைத்தான் இதுவரை செய்திருக்கிறேன், போனில். இதோடு நிறுத்தினேன். உங்கள் அறிமுகம் போதிய வலுவோடு இல்லை, மேம்படுத்தட்டுமா என்றது தளம். வேண்டாம் என்று அமுக்கி அனுப்பிவிட்டேன்.

காபி ஆறிவிட்டது. கண்ணாடி அறை இருந்த இடத்தில் யாரோ கை கழுவுகிறார்கள். நீல அட்டைக் கைடு இப்போது கடைகளில் இல்லை. ஜோஸ்ஃபின் பிரான்சில் முதியோர் இல்லம் ஒன்றில் வேலை பார்க்கிறாள், எப்போதாவது போனில் குரல் செய்தி அனுப்புவாள். அப்பாவின் முட்டி ஒத்துழைக்காமல் வேலையை விட்டுவிட்டார், அந்த வாசலில் இப்போது தானே தூக்கிக்கொள்ளும் தடுப்புக் கம்பி வைத்திருக்கிறார்கள். ஓடி வருகிறவர்கள் அதனிடம் எதுவும் கேட்பதில்லை. அவசரமில்லாத குரல் கொண்ட அந்த மதாமின் பெயர் கடைசிவரை எனக்குத் தெரியாது. இப்படி அனுப்புவதை எந்த மனிதரும் படிப்பதில்லை என்று தேவா சொல்வான், இயந்திரம்தான் முதலில் வடிகட்டுமாம். வடிகட்டட்டும். உங்கள் அப்பா நாள் முழுக்க நிற்கிறாரா, உட்காருகிறாரா என்று கேட்க அந்தப் பக்கம் ஒரு ஆள் இருந்த காலம் ஒன்று இருந்தது. எனக்கு இன்னும் பதில் தெரியும்.